ஒரு யு, ஒரு கோடு

லிபின்: இந்தப் பெட்டியத் தெறந்தது யாரு, செசிலியக்கா?

செசிலி: புதுக்கடையில இருந்து பஸ் ஏறி வந்தது இதக் கேக்கவா? கம்ப்யூட்டர் பாக்க வந்தவன் அதப் பாரு.

லிபின்: வயர்லெஸ் ரூம் சாவி உங்க கையிலதான...

செசிலி: சங்கத்து செக்ரட்டரி கையிலயும் ஒண்ணு கெடக்கு. ஸ்கிரீன்ல என்ன போட்டிருக்கு?

லிபின்: கிளீன், டீகிரேடட்.

செசிலி: கிளீன்னா நல்லதுதான?

லிபின்: செக்ரட்டரியும் அந்த மொத வார்த்தைய மட்டுந்தான் வாசிப்பாரு. டீகிரேடட்னா ஒண்ணு கொறையுதுன்னு. இந்தா, அடைப்புக்குள்ள பாருங்க. ஒரு யு, பக்கத்துல ஒரு கோடு. கடல்ல இருந்து யாரு கூப்பிட்டாலும் ரெண்டு டிஸ்க்லயும் ஒண்ணுபோல பதியும். கோடு உள்ள எடத்துல டிஸ்க் இல்ல.

செசிலி: கெட்டுப் போயிருக்கும். உப்புக்காத்துல்லா.

லிபின்: கெட்டிருந்தா பெட்டிக்குள்ள கெடக்கணும். எடுத்தாச்சுன்னு போட்டிருக்கு.

செசிலி: எலி...

லிபின்: நாலு ஸ்க்ரூவையும் கழத்தி தேங்கா சிரட்டையில போட்டு வச்சிட்டுப் போற எலியா?

செசிலி: புத்தியுள்ள எலி.

லிபின்: செவ்வாக்கிழம காலம்பற ஒம்பது பத்துக்குப் பெட்டி ஆஃப். ஒம்பதேகாலுக்கு ஆன் ஆவும்போ ஒத்த டிஸ்க். அதுவும் எழுதி வச்சிருக்கு.

செசிலி: எல்லாம் எழுதுமோ அது? திங்கக்கிழம கடல்ல இருந்து நம்ம சிலுவை கூப்பிட்டத எழுதிச்சா?

லிபின்: அந்தச் சிரட்டைய இங்க தாங்க, அக்கா.

செசிலி: மூணு மட்டம் கூப்பிட்டான், மக்கா. வள்ளத்துல தண்ணி ஏறுதுன்னு. நான் ஓடிப்போய் செக்ரட்டரிட்ட சொன்னேன். அவன் எப்பமும் இப்பிடித்தான், பாத்துக்கிடலாம்னாரு. தேட ஒரு போட்டும் அனுப்பல்ல. சிலுவை வரவும் இல்ல. இப்பம் அவன் கூப்பிடவே இல்லியாம். நாளைக்கு விசாரணைக்கு வாறாங்க.

லிபின்: இந்த டிஸ்க்ல அந்தக் கூப்பாடு இல்ல.

செசிலி: தெரியும். தேடினேன். டிஸ்க் போனதச் சொல்லுத பெட்டி, அவனுக்க சத்தம் போனதச் சொல்லல்ல.

லிபின்: உள்ளதத்தான் சரியா இருக்குன்னு சொல்லும், அக்கா. யாரு எத அழிச்சாலும் அதுக்கு கிளீன்தான்.

செசிலி: அப்பம்... அந்த எலி நாளைக்குத் திரும்பக் கொண்டுவந்து மாட்டிச்சுன்னா?

லிபின்: மாட்டவே கூடாது. ரெண்டையும் ஒண்ணாக்குதேன்னு இங்க உள்ளத அதுல எழுதிரும். சிலுவைக்க சத்தம் அதுலயும் போயிரும். வாறவங்க கையில நேரா குடுக்கணும். செக்ரட்டரிட்ட டிஸ்க் கெட்டுட்டுன்னு சொல்லி நான் புதுசு மாட்டுதேன்.

செசிலி: அவன் கூப்பிட்டது அதுல இருக்கும்னு எப்பிடிச் சொல்லுத?

லிபின்: அழிச்சது செவ்வாக்கிழம பதினொண்ணு இருவதுக்கு. அப்பம் அந்த டிஸ்க் பெட்டியில இல்ல.

செசிலி: பதினொண்ணு இருவது... அது எங்க போட்டிருக்கு?

லிபின்: எங்கயும் போடல்ல.

செசிலி: பின்ன? ஏலே, உன்னத்தான் கேக்குதேன்.

லிபின்: செக்ரட்டரி எனக்க முதுகுக்குப் பின்னால நின்னாரு. அழிச்சது நாந்தான், அக்கா... அந்த டிஸ்க் எங்க இருக்குன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிராதீங்க.