பதினோராம் கட்டம்

இந்த அவையைத் தலைமையேற்று நடத்தும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அவருக்கு வலப்புறம் அமர்ந்து என் பேச்சைக் கைக்கடிகாரத்தால் அளந்துகொண்டிருக்கும் கூட்டமைப்புச் செயலாளர் அவர்களே, இடப்புறம் அமர்ந்து நான் எதைச் சொல்லிவிடுவேனோ என்று புன்னகைக்கும் நிதியுதவித் துறை அலுவலர் அம்மையார் அவர்களே, ஊருக்கு உழைத்து உழைத்துத் தம் வீட்டுக் குழாயைப் பழுதுபார்க்க நேரமில்லாத தொண்டு நிறுவனப் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் சகோதரர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"அரசு நிதியுதவி பெறுவது எப்படி" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்கள் கொஞ்சம் விசாரித்திருக்கலாம். நிதியுதவி பெறாமல் இருப்பது எப்படி என்பதில்தான் எனக்கு முதல் வகுப்புத் தேர்ச்சி. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும் உங்கள் விண்ணப்பங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நான் செயலாளராக இருந்து பாடமும் நடத்தும் எங்கள் சங்கம் சிறியது. எழுதுபொருள் கடைக்கு மேலே ஓர் அறை. பள்ளியைப் பாதியில் விட்ட பெண்கள் இருபத்தாறு பேர், வேலை முடிந்து மாலையில் அங்கே வந்து பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்தார்கள். தையற்காரி ஒருவர், அலுவலகம் துடைப்பவர் மூவர், மருத்துவமனையில் சமைக்கும் அம்மா ஒருவர். அந்தச் சமையற்கார அம்மாவுக்குப் பதினைந்து ஆண்டு வேலை. அவர் கற்றுக்கொடுத்த பெண்களெல்லாம் மேற்பார்வையாளர் ஆகிவிட்டார்கள். இவர் ஆகவில்லை. ஏன்? கையில் சான்றிதழ் இல்லை. பதவி உயர்வுக்கான வயது வரம்பின்படி அதுவே அவருக்குக் கடைசி ஆண்டு. அந்த நேரம் பார்த்து, அதுவரை அறையைச் சும்மா தந்திருந்த கடைக்காரர், "அடுத்த மாசத்தோட ரூமை விட்டுடுங்கம்மா, வாடகைக்கு ஆள் இருக்கு" என்றார். தேர்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. வாடகை கொடுக்க வழி இருந்ததா? இல்லை. அரசிடம் திட்டம் இருந்ததா? இருந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் இருந்ததா? அதுவும் நான்கு நாளில் இருந்தது.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். கன்னியர் மடம் நடத்திய பள்ளியில் படித்தவள் நான். கோடு கோணாது, எழுத்து சாயாது, மை சிந்தாது. பத்துக் கட்டங்களை முத்து முத்தாக நிரப்பிவிட்டுப் பதினோராம் கட்டத்துக்கு வந்தேன். "நிறுவனத்தின் தற்போதைய குறைகள்" என்று கேட்டிருந்தார்கள். குறையா? என் சங்கத்திலா? "குறிப்பிடத்தக்கவை ஏதுமில்லை" என்று எழுதி, அடியில் அளவுகோல் வைத்துக் கோடும் போட்டேன்.

உதவி கேட்கும் படிவத்தில் குறை இல்லை என்று எழுதிய முதல் மனிதப் பிறவி நானாகத்தான் இருக்கவேண்டும். மறைந்த என் கணவர் சொல்வார், "உன்னை ஸ்ட்ரெச்சர்ல வச்சுத் தூக்கிட்டுப் போனாலும், டாக்டர் கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவே." அவர் எதையும் மிகைப்படுத்தாதவர்.

ஆய்வுக்கு வருகிறோம் என்று கடிதம் வந்தது. எங்கள் பொருளாளர் ஓய்வுபெற்ற தபால்காரர், பதற்றத்தில் எனக்குச் சற்றும் குறையாதவர். "அதிகாரி வந்து தரையில உட்கார முடியுமா?" என்றார். முடியாது என்றேன். பிறகு ஒரு வாரம் நாங்கள் செய்ததைச் சொல்லவே நாணமாக இருக்கிறது. எதிர் வீட்டுப் பல் மருத்துவரிடம் பன்னிரண்டு நாற்காலி. வழக்கறிஞரிடம் ஒரு கண்ணாடி அலமாரி, உள்ளே இருந்த சட்டப் புத்தகங்களோடு. பொருளாளருடைய மாமியார் வீட்டிலிருந்து சுவர்க் கடிகாரம். எங்களுக்கென்று சொந்தமாக இருந்தது ஒரே ஒரு வாளி, கூரை ஒழுகும் இடத்தில் வைப்பதற்கு. அதையும் மாடிப்படிக்கு அடியில் ஒளித்துவைத்தோம்.

அலுவலர் வந்தார். இதோ, இவரேதான். சுற்றிப் பார்த்தார். "குறை ஏதாவது இருக்காம்மா?" என்றார். இல்லை என்றேன். கூரையை அண்ணாந்து பார்த்தார். "மழைக்கு ஒழுகுமா?" என்றார். இல்லை என்றேன். படி இறங்கும்போது மறுபடியும் நின்று, "நிஜமாவே ஒண்ணும் வேண்டாமா?" என்றார். அம்மையார் மறதிக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மூன்றாம் முறையும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. வகுப்பில் நின்றுகொண்டே படித்தேன். "நிறுவனம் தன்னிறைவு பெற்றுள்ளதால் உதவி தேவையில்லை எனத் தீர்மானிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்ய முப்பது நாள்."

"தன்னிறைவுன்னா என்ன டீச்சரம்மா?" என்று சமையற்கார அம்மா கேட்டார்.

நமக்கு எல்லாம் இருக்கிறது என்று பொருள் என்றேன்.

தையற்காரி தனக்குக் கீழே இருந்ததைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப நான் இத்தனை நாளா உட்கார்ந்திருந்தது கோணி இல்லையா? சோபாவா?"

இருபத்தைந்து பேர் சிரித்தார்கள். சமையற்கார அம்மா மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப இந்த வருஷம் இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஏமாந்து ஏமாந்து பழகிப்போன குரலில் சொன்னார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் காலை அவரையும் அழைத்துக்கொண்டு அலுவலகம் போனேன். வாசலில் இருந்த ஊழியர், "பெரியம்மா, பென்ஷன் செக்‌ஷன் மாடியில" என்றார். "நான் பெரியம்மா அல்ல, செயலாளர்" என்றேன். "சரிங்க செயலாளர் பெரியம்மா, உட்காருங்க" என்றார். அந்த மரியாதையோடு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம்.

உள்ளே போனால், இந்த அம்மையாரின் மேசையைச் சுற்றி முன்பின் தெரியாத நான்கு பேர். அவர்கள் முன்னிலையில் நான் சொல்லவேண்டியது என்ன? எங்களிடம் ஒன்றும் இல்லை என்று. எளிய மூன்று சொற்கள். நான் சொன்னேனா? கல்வியின் மேன்மையைச் சொன்னேன். சங்கத்தின் வரலாற்றைச் சொன்னேன். திட்ட விதிகளில் இருந்த ஓர் எண் பிழையைக்கூடச் சுட்டிக்காட்டினேன். இந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். என் பின்னால் நின்ற சமையற்கார அம்மா மெல்ல, "மேடம், டீச்சரம்மாவுக்கு அது சொல்ல வராது. நான் சொல்லட்டுமா?" என்றார்.

தாய்மார்களே, அந்த நொடியை நான் மறக்கமாட்டேன். அவர் வாழ்நாளெல்லாம் கேட்டுக் கேட்டு இல்லை என்ற பதிலையே வாங்கியவர். எனக்காக இன்னொரு முறையும் அவர் கேட்கவேண்டுமா? "நீங்கள் உட்காருங்கள், செயலாளர் நான்" என்றேன். பிறகு சொன்னேன். நாற்காலி எங்களுடையதல்ல. அலமாரி எங்களுடையதல்ல. கடிகாரம் பொருளாளருடைய மாமியாருடையது. கூரை ஒழுகுகிறது. இவர்கள் கோணியில் உட்கார்ந்து படிக்கிறார்கள். நான் பொய் சொன்னேன். இதை இருபது பேருக்குக் கேட்கும் குரலில் சொன்னேன். எனக்கு மெதுவாகப் பேச வராது.

இந்த அம்மையார் கோப்பைத் திறந்தார். "தெரியும்மா. நான் உட்கார்ந்த நாற்காலி முதுகுல 'பல் பிடுங்கியவர்கள் இங்கே அமரவும்'னு ஒட்டியிருந்துச்சு."

"தெரிந்துமா அப்படி எழுதினீர்கள்?" என்றேன்.

"மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் இல்லைன்னீங்க, கையெழுத்தும் போட்டீங்க. வேண்டாம்னு சொல்றவங்களுக்கு நான் எப்படிம்மா எழுதிக் கொடுக்கறது? என் வீட்டுப் பணமா அது, என் இஷ்டத்துக்குக் கொடுக்க?"

அதோ, மூன்றாவது வரிசையில் ஓர் ஐயா கை தட்டுகிறார். எனக்கா, அவருக்கா? அவருக்குத்தான் என்றால் நானும் சேர்ந்து தட்டுகிறேன்.

என் வீட்டுப் பணமா என்று அவர் கேட்டார். நான் கேட்கிறேன், பிறகு யார் வீட்டுப் பணம் அது? தையற்காரி வாங்கும் நூல் கண்டுக்கு வரி இல்லையா? அலுவலகம் துடைப்பவர் வாங்கும் சோப்புக்கு வரி இல்லையா? சமையற்கார அம்மா பதினைந்து ஆண்டாகக் கிழிக்கும் தீக்குச்சிக்கு வரி இல்லையா? அவர்கள் கொடுத்தது அவர்களுக்கே திரும்பி வருவதற்கு ஒரு படிவம். அதன் நடுவே குறுக்கே நின்றது எது? விதியா? இல்லை. அதிகாரியா? இல்லை. அளவுகோல் வைத்துக் கோடு போட்ட என் கை. கை நீட்டுவது இழிவு என்று எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்காக நீட்டினால் அது இழிவாகவே இருக்கட்டும். இருபத்தாறு பேருக்காக நீட்டாமல் மடக்கிக்கொண்ட கைக்கு என்ன பெயர்? அதைத் தன்மானம் என்று நான் இனி அழைக்கமாட்டேன்.

மேல்முறையீட்டைப் பொருளாளர் எழுதினார், நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் ஆய்வு மழை நாளில் நடந்தது. அம்மையார் கோணியில் அமர்ந்து, மடியில் தாள் வைத்து, எண்ணி எண்ணி எழுதினார். அவர் தோளில் இரண்டு சொட்டு விழுந்தது. அறிக்கையில் அதையும் எழுதியிருந்தார். கடைக்காரர் குறித்த கெடுவுக்கு ஆறு நாள் முன்பு உத்தரவு வந்தது. வாடகை வந்தது, பலகைகள் வந்தன, கூரை அடைபட்டது. வாளி இப்போது தரை துடைக்கிறது.

ஆகவே நண்பர்களே, வாசலில் மூன்று திட்டங்களுக்கும் படிவங்கள் வைத்திருக்கிறார்கள். மாலைப் பள்ளிக்கு ஒன்று, முதியோர் பராமரிப்புக்கு ஒன்று, மாற்றுத்திறனாளர் பயிற்சிக்கு ஒன்று. எடுத்துச் செல்லுங்கள். பதினோராம் கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஓட்டை இருந்தால் ஓட்டை என்று எழுதுங்கள். இடம் போதவில்லையா? தனித்தாள் இணையுங்கள். ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு நாற்காலி இரவல் வாங்காதீர்கள்.

எங்கள் சமையற்கார அம்மாவை இன்று இந்த மேடையில் அமர்த்த ஆசைப்பட்டேன். நேற்றுத் தொலைபேசியில் அழைத்தேன். "வர முடியாது டீச்சரம்மா. எனக்குக் கீழ வேலை செய்யற ரெண்டு பேர் லீவு. எனக்குக் கீழ இருக்கிறவங்க இல்லாதப்ப நான் எப்படி வர்றது? எனக்குக் கீழ மொத்தம் ஒன்பது பேர், தெரியுமில்ல?" என்றார். ஒரு மூச்சில் அதை அத்தனை முறை சொல்லத் தேவையில்லைதான். வேறு யாராக இருந்தாலும் திருத்தியிருப்பேன். நான், "இன்னொரு தடவை சொல்லுங்கள், சரியாகக் கேட்கவில்லை" என்றேன்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைப் பார்ப்பதை நடுவில் நிறுத்திவிட்ட கூட்டமைப்புச் செயலாளருக்கும், மூன்று முறை கேட்ட அம்மையாருக்கும் என் மனமார்ந்த நன்றி. போய் எழுதுங்கள். வணக்கம்.