பாராமல் எறிந்த பந்துக்குப் பாராட்டு

சவூதியின் ஜுபைல் ஆலையில், வானளாவிய கிரேனில் இருபத்தாறு ஆண்டுகள் வீற்றிருந்து, கனத்த இரும்பையெல்லாம் பஞ்சுபோல் இறக்கி வைத்தவரே! வெள்ளிதோறும் கேம்ப் மைதானத்தில் முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி, எதிரணியைக் கதிகலங்கச் செய்தவரே! ஓய்வு பெறுகிறேன் என்று சொல்லி எங்கள் தலையில் இடியை இறக்கியவரே! அன்பிற்குரிய கார்மேகம் அண்ணன் அவர்களே! வணக்கம்! ஸலாம்!

தங்கள் பெருமையைப் பேசப் புகுந்தால் நெய்னா முகம்மதுவை விட்டுவிட்டுப் பேச இயலாது. தரையில் நின்று கைச்சைகை காட்டும் ரிக்கர் அவர். அச்சைகையே கண்ணாகச் சுமையை இறக்கும் ஆபரேட்டர் தாங்கள். மைதானத்திலோ எறியும் குவார்ட்டர்பேக் தாங்கள், ஓடிப் பிடிக்கும் ரிசீவர் அவர். அமெரிக்கக் கால்பந்து என்று பெயர்தான். கால் அதில் பெரும்பாலும் ஓடுவதற்கே! எங்கள் கேம்பில் ஆளை இடித்துத் தள்ளுவதில்லை. இடுப்புத் துணிப்பட்டையை உருவினால் ஆட்டம் நிற்கும், அவ்வளவே.

சென்ற பிப்ரவரி அரையிறுதியில் நெய்னா இரண்டு பந்துகளைக் கோட்டைவிட்டார். தட்டுத்தடுமாறி வென்றோம். ஆனால் இறுதிப் போட்டிக்கு அவருக்குப் பதில் இளைஞர் விஜயபாஸ்கரை இறக்குவதென்று கேப்டன் பாலகுரு முடிவு செய்தார். நாற்பத்தாறு வயதில் ஒருமுறை உட்கார வைத்தால் அப்புறம் எவன் கூப்பிடுவான்?  நெய்னா மெஸ்ஸில் பிரியாணித் தட்டைப் பாதியில் விட்டு எழுந்து கை கழுவப் போனார்.

அப்போது பொங்கினீர்களே, அண்ணலே!

"பாலகுரு, தப்பு அவன் கையில இல்லப்பா. அவன் திரும்பட்டும் திரும்பட்டும்னு நான் காத்துக் கெடந்தேன், பந்து லேட்டாப் போச்சு. பந்தைக் காணோமேன்னு அவனும் வேகத்தைக் கொறச்சுட்டான். சைட்ல சுவருக்கு அந்தாண்ட, கண்ணுக்கே தெரியாத எடத்துல, அவன் கையை நம்பி நாப்பது டன் எறக்குறேன். ஒரு பந்துக்கு நம்ப மாட்டேனா? அவன் எறங்கலேன்னா நானும் எறங்கல. கலாஸ், அவ்வளவுதான்!"

பாலகுரு நெய்னாவையே இறக்க ஒப்புக்கொண்டார். குழாயடியில் நின்ற நெய்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மனிதர் சும்மா இருந்தாரா? மறுநாளே தங்களிடம் வந்து, "அண்ணே, பயந்து பயந்து தாழப் போடாதீங்க. ஒசரமாப் போடுங்க, நான் எட்டிக்கிறேன்" என்று அதட்டினார். அன்று முதல் பத்து நாள், டியூட்டி முடிந்த கையோடு பயிற்சி. ஒன்பது காலடி நேராக ஓட்டம், இடப்பக்கம் ஒரு வெட்டு, அதற்கு முன் திரும்பக் கூடாது. அவர் திரும்பும் முன்பே பந்து தங்கள் கையை விட்டிருக்க வேண்டும். அவர் ஓட ஓடத் தங்கள் எறி கூர்மையானது. தாங்கள் எறிய எறிய அவர் கால் துணிந்தது.

இறுதிப் போட்டி! கடைசி வாய்ப்பு! நான்கு புள்ளி பின்தங்கி நின்றோம். எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைப் பிடித்தால் ஆறு. நெய்னா ஓடினார். ஐந்தாம் அடியில் பயம் வந்து, திரும்பு திரும்பு என்று பிடரியைப் பிடித்து உலுக்கியது. அவர் திரும்பவில்லை. ஒன்பதாம் அடியில் வெட்டித் திரும்பினால், ஆகா, தலைக்கு மேலே பந்து! எகிறிப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டே விழுந்தார். மைதானமே அதிர்ந்தது. கோப்பை நமதானது!

மூச்சிரைக்கத் தங்களிடம் ஓடி வந்தார் நெய்னா.

"அண்ணே, பிடிச்சதைப் பார்த்தீங்களா?"

"எங்கப்பா பார்த்தேன்? பனைமரம் மாதிரி ரெண்டு பேரு முன்னால மறைச்சுட்டு நின்னானுங்க. நீ இருப்பேன்னு தெரியும். போட்டேன்."

அந்த இடத்திலேயே குழந்தைபோலத் தேம்பி அழுதார் நெய்னா. கோப்பையைத் தூக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை.

சீதாலட்சுமி அண்ணியாரோடு, மூட்டுவலி அண்டாமல், சர்க்கரை எட்டிப் பாராமல், பேரப்பிள்ளைகள் தோளேறி விளையாடப் பல்லாண்டு வாழ்வீர்! கிரேனில் இனி யார் அமர்ந்தாலும், மைதானத்தில் இனி யார் எறிந்தாலும், நம்பி இறக்கவும் நம்பி ஓடவும் இங்கே ஆள் இருக்கிறது, அண்ணே. நிம்மதியாகப் போய் வாருங்கள்!

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்
கிரேன் பிரிவு ஊழியர்கள், ஜுபைல்

முதல் கையொப்பம்: நெய்னா முகம்மது, ரிக்கர்