எந்தப் பம்பு?

டீக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்காமலே இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்தீர்கள் சார். குறையாகச் சொல்லவில்லை. ஒருவர் வாய் திறந்து சொல்லாதபோது அவருக்காக நாமே ஒன்றை முடிவு செய்கிறோமே, எங்கள் தொழிலில் அதற்கு டிஃபால்ட் என்று பெயர். அதைப் பற்றிச் சொல்லத்தான் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்தேன்.

கடப்பாக்கம் இறால் பண்ணையில் கடல் தண்ணீர் இழுக்கும் பம்புகளைக் கம்ப்யூட்டரிலிருந்தே இயக்கும் புரோகிராமை எழுதியவள் நான். பெயர் சௌந்தரவல்லி. உப்புக் காற்றில் மவுஸ் தாங்காது என்பதால் எல்லாம் கறுப்புத் திரையில் தட்டச்சு செய்யும் கட்டளைகள்தான். முதலில் 'பம்ப்'. அதற்குள் 'ஸ்டார்ட்', 'ஸ்டாப்'. அதற்கும் உள்ளே பம்பின் எண். எண்ணை விட்டுவிட்டால் 'எந்தப் பம்பு?' என்று புரோகிராம் கேட்கும். அந்தக் கேள்வியை நான் ஆசை ஆசையாக வைத்தேன்.

மேனேஜர் கிரிதருக்கு அது பிடிக்கவில்லை. முதலாளி வந்திருந்த அன்று எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னார்.

"இன்னாம்மா இது, எதுக்கெடுத்தாலும் கேள்வி? வூட்ல கேக்கறதுக்குப் புருஷன் இல்லன்னு மிஷின வச்சு எங்களக் கேக்கறியா? தூக்கு அத."

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்குப் போகும் பஸ் செய்யூர் தாண்டும்வரை காது எரிந்தது. இந்த ஆள் இனி யார் முகத்திலும் விழிக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கேள்வியை எடுத்தேன். அவர் சொன்னதைத்தானே செய்தேன்? உடனே எடுக்கவில்லை, அவ்வளவுதான். சொன்னதை அவரே மறக்கட்டும் என்று சில மாதம் விட்டுவைத்தேன். கேள்வியைத் திட்டினாரே தவிர, அதை நம்பித்தான் அவர் வேலை செய்தார். எண்ணைப் போடவே மாட்டார். வெறும் 'ஸ்டார்ட்' அடிப்பார், புரோகிராம் கேட்ட பிறகு சொல்வார்.

கேள்வி இல்லையென்றால், எண் இல்லாதபோது எதை ஓட்டுவது? ஒன்றாம் பம்பை டிஃபால்ட்டாக வைத்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நானோ, கடைசியாக எந்தப் பம்பை நிறுத்தினார்களோ அதை வைத்தேன். நிறுத்தியதைத்தானே மனிதர்கள் மறுபடி ஓட்டுவார்கள்? உதவிப் பக்கத்தில் தெளிவாக எழுதியும் வைத்தேன். அந்தப் பக்கத்தை அவர் திறந்ததே கிடையாது.

தொட்டி நிறைந்தால் பம்பு தானே நின்றுவிடும். அங்கே கட்டளை போட்டுப் பம்பை நிறுத்துவது ஒரே காரியத்துக்குத்தான். வேலையாள் துரை தண்ணீர் இழுக்கும் குழாய்க்குள் இறங்கி, உள்ளே ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுவான். ஆபீசுக்கு டீ போடுவதும் அவன்தான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கும் பழக்கம் அந்தப் பண்ணையில் யாருக்கும் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

புதிய புரோகிராமைப் போட்ட அன்று காலை கிரிதர் மூன்றாம் பம்பை நிறுத்தினார். துரை எட்டிப் பார்த்தான்.

"நின்னுடுச்சா சார்? நான் எறங்கறேன். மேடம், டீ வச்சிக்கீறேன், ஆறிடப் போவுது."

கொஞ்ச நேரத்தில் ஐந்தாம் தொட்டியில் தண்ணீர் குறைந்தது. ஐந்தாம் பம்பை ஓட்டுவதற்காகக் கிரிதர் 'ஸ்டார்ட்' அடித்துவிட்டுக் கேள்விக்காகக் காத்திருந்தார். நான் பக்கத்து நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, கேள்வியக் காணோம்?"

"நீங்கதான சார் தூக்கச் சொன்னீங்க."

திரையில் 'மூன்று ஓடுகிறது' என்று வந்தது. அவர் எழுந்து ஓடினார். துரையை எடுக்கக் குழாயை அறுக்க வேண்டியிருந்தது.

கிரிதரை நீங்கள் லாக்கப்பில் பிடித்துவைத்தது சரி. அவர் கையால்தான் நடந்தது, சாகும்வரை அந்தக் கையால்தான் அவர் சாப்பிட வேண்டும். ஆனால் புரோகிராமில் கோளாறு என்று எழுதி அவரை விடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் புரோகிராமில் கோளாறு கிடையாது சார். நான் நினைத்தது எதுவோ அதைத்தான் அது செய்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

துரை மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல மனிதன். அன்று எல்லோரும் சிரித்தபோது, டீத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனும் சிரித்தான், அவ்வளவுதான்.