படகைப் பிடித்துக்கொண்டிருந்தவன்

மாலை ஆறே முக்கால் இருக்கும். கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சாலை. லாரிகள் எல்லாம் போய்விட்ட நேரம், ஒரு நாய்கூட இல்லை... அந்தச் சாலையின் கோடியில்தான் ஒலிப்பதிவு அறை. நடந்தது என் தோழி ஒருத்தியின் அக்காவுக்கு.

அக்காவுக்கு வேலை, கதைப் புத்தகங்களை ஒலிநூலாக வாசிப்பது. அப்போது வாசித்துக்கொண்டிருந்தது ஒரு மாயலோகப் பெருங்கதை, ஏழு பாகம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் கொடுக்க வேண்டும். மூன்றாம் பாகத்தில் ஒரு படகோட்டி வருவான். பெயர் கிடையாது. இளவரசர்களைத் தீவில் இறக்கிவிட்டு, "நான் படகைப் பிடிச்சிட்டு இருக்கேன், போயிட்டு வாங்க" என்பான். அவ்வளவுதான். அவர்கள் மலையுச்சியிலிருந்து ஒரு ராட்சதப் பறவைமேல் ஏறிப் போய்விடுவார்கள். அவனைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை இல்லை.

அந்த ஒற்றை வரிக்கு அக்கா தன் அண்ணன் குரலைக் கொடுத்திருந்தாள். அண்ணன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன். கப்பல் திரும்பி வந்தது... அவன் வரவில்லை. அவன் குரல் எதிலும் பதிவாகி இருக்கவில்லை. நாளாக ஆக அவளுக்கே மறந்துகொண்டு வந்தது. அந்த ஒரு வரிக்குள் அதைப் பிடித்து வைத்தாள்.

அன்று ஏழாம் பாகம் முடிந்தது.

"கடைசி வரைக்கும் அவனைக் கூட்டிட்டுப் போக யாருமே வரல, மாமா," என்றாள். ஒலிப்பதிவு செய்கிறவரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பறவை மேல ஏழு பேருக்கு இடம் இருந்துச்சு, இவனுக்குத்தான் இல்ல. எழுதினவருக்கே அவன் ஞாபகம் இல்ல, உனக்கென்ன? பேசாம உட்காரு. அமைதி எடுக்கணும்."

வாசித்து முடித்ததும் அறையின் அமைதியை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்வார்கள், வாக்கியங்களுக்கு நடுவே ஒட்டுவதற்கு. நீங்களும் மூச்சை அடக்கிப் பாருங்கள்... அறைக்கென்று ஒரு சத்தம் இருக்கும்.

மாமா பதிவைப் போட்டுக் காட்டினார்.

சளக்... சளக்... பலகையில் தண்ணீர் மோதும் சத்தம். அறைக்குள் ஈரக் கயிற்று வாடை.

"எங்கயோ குழாய் ஒழுகுது," என்று மாமா எழுந்துபோய்ப் பார்த்தார். எதுவும் ஒழுகவில்லை. ஏசியையும் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தார்.

இந்த முறை தண்ணீருக்கு நடுவே, தொண்டையை மெல்லச் செருமும் சத்தம். இரண்டு முறை. பிறகு...

"வந்துட்டாங்களா?"

"சும்மா இருன்னா இப்பவும் அவன் குரல்லயே பேசுவியா நீ?" மாமா சிரித்தார்.

பேசியது அக்கா இல்லை. பேசுவதற்கு முன்னால் அண்ணன் அப்படித்தான் செருமுவான். அதை அவள் மறந்தே போயிருந்தாள். அவள் கொடுத்த குரலில் அந்தச் செருமல் கிடையாது.

"இன்னும் ஒரே தடவை, மாமா."

சிவப்பு விளக்கு எரிந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் அந்தக் குரலை இன்னொரு முறை கேட்கலாம். நாளைக்கும் வந்து கேட்கலாம். ஆனால் அவன் படகுக் கயிற்றைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருப்பான்...

"யாரும் வரமாட்டாங்கண்ணா," என்றாள். "கயித்த விட்டுடு. நீ கிளம்பு."

போட்டுக் கேட்டார்கள். அவள் பேசியது பதிவாகவே இல்லை. கயிறு தண்ணீரில் விழுகிற சத்தம். பிறகு துடுப்பு... கிரீச்... கிரீச்... தூரமாய்ப் போய்க்கொண்டே இருந்தது.

அக்கா மூன்றாம் பாகத்தைப் போடச் சொன்னாள். படகோட்டி பேசும் இடத்தில் ஒன்றுமே இல்லை.

"அழிஞ்சிருக்கும்மா. இப்பவே பேசிக் கொடு, ஒட்டிடுறேன்," என்றார் மாமா.

அக்கா மைக்கின் பக்கம் குனிந்தாள். அண்ணன் குரலை நினைவுபடுத்திக்கொள்ளப் பார்த்தாள். நான் படகைப் பிடிச்சிட்டு இருக்கேன்... உதடுகள் சரியாகத்தான் அசைந்தன.

வாயிலிருந்து வந்தது துடுப்புச் சத்தம்.