கான் கொடுத்த கோட்டைச் சாவி

இந்த வருஷம் எங்கள் ஜர்தாப் ஊரில் முலாம்பழ விளைச்சல் அமோகம். டெஹ்ரானிலிருந்து இவ்வளவு தூரம் குதிரைவண்டியில் குலுங்கி வந்திருக்கிறீர்கள், விசாரணை முடிந்து போகும்போது இரண்டு பழம் எடுத்துப் போங்கள் ஐயா. உபசாரத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொல்கிறேன். நம் ஜனங்களிடம் இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பள்ளத்தில்தான் எங்கள் ஊர் விழுந்தது.

நான் மீர்சா யதுல்லா. பதினோரு வருஷமாக கவர்னர் ஆசெஃப் கானின் மொழிபெயர்ப்பாளன். கானுக்கு ஃபார்ஸியைத் தவிர ஒன்றும் வராது. எனக்கு ருஷ்யனும் துருக்கியும் தண்ணீர் பட்ட பாடு. வடக்கே ஒரு நாள் தூரத்தில் ருஷ்யப் படை, மேற்கே ஒரு நாள் தூரத்தில் துருக்கியரின் உஸ்மானியப் படை. இந்த யுத்தத்தில் பாரசீகம் யார் பக்கமும் இல்லை என்ற அறிவிப்பைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் தலைக்கு மேல் மாட்டியிருந்தார் கான். ஒருத்தன் எங்கள் ஊர்க் கோட்டைக்குள் வந்தால் மற்றவன் சுடுவான். இரண்டு பேரும் வெளியே நின்றால் ஊர் பிழைக்கும். குழந்தைக்குக்கூடப் புரிகிற விஷயம்.

கான் அதை வெகு அழகாகச் சமாளித்தார். ருஷ்யத் தூதரான கான்சலுக்கு எட்டு கபாப் என்றால் உஸ்மானியக் கர்னல் ரிஃபத்துக்கும் எட்டு. ஒருமுறை கர்னல் தட்டில் தவறுதலாக ஒன்பது விழுந்துவிட்டது. மறுநாள் காலை சமையல்காரன் ஒற்றைக் கபாபை வெள்ளித்தட்டில் வைத்து, மேலே பட்டுத்துணி மூடி, கான்சல் வீட்டுக்கு எடுத்துப் போனான். தெருவே சிரித்தது. அப்படிச் சிரித்துக்கொண்டேதான் ஒரு வருஷத்தை ஓட்டினோம்.

கானிடம் யாராவது ஏதாவது கேட்டால் அவர் "முடியாது" என்று சொல்லவே மாட்டார். எல்லாவற்றையும் தூக்கிக் கொடுப்பார். "வீடு உங்களுது, குதிரை உங்களுது, நானே உங்களுது" என்பார். கேட்டவர் வெட்கப்பட்டு "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்பார். மூன்று தடவை கொடுத்து, மூன்று தடவை மறுத்து, விஷயம் மரியாதையாகச் செத்துவிடும். அந்நியர்களுக்கு இது விளங்காது. அதனால் கானின் வாரி வழங்கலை எல்லாம் நான் காற்றில் விட்டுவிட்டு, "வரவேற்கிறார். இப்போதைக்கு இயலாது என்று வருந்துகிறார்" என்று மட்டும் சொல்வேன். பதினோரு வருஷம் இப்படித்தான் நடந்தது. ஒரு குதிரைகூடக் கைமாறவில்லை.

பிறகு பழைய கான்சல் மாற்றலாகி, ஸ்வெர்ச்கோவ் என்ற புது மனிதர் வந்தார். இளைஞர், சிவந்த காது, நல்ல பையன். முதல் விருந்திலேயே எனக்கு ஆசனம் இல்லாததைக் கவனித்து, "இவர் உட்கார மாட்டாரா?" என்று கேட்டார். நான் கானிடம் சொன்னேன்.

கான் தொடையில் தட்டிச் சிரித்தார். "யதுல்லாவா? இவன் என் நாக்குன்னு சொல்லு. நாக்குக்கு எதுக்குய்யா நாற்காலி?"

அதை நானே மொழிபெயர்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நல்ல நகைச்சுவைதான். அதற்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தமில்லை. குறிப்பில் அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று சாப்பாடு முடிந்ததும் கான்சல் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். ருஷ்யப் படையின் கொசாக் குதிரைவீரர்கள் நூறு பேர் கோட்டைக்குள் தங்க இடம் வேண்டும், கிடைக்குமா?

கான் வழக்கம்போல் மலர்ந்தார். "கோட்டையா? அது உங்க கால் தூசு. இப்பவே எடுத்துக்கங்க."

நான் வழக்கத்தை ஒரே ஒரு நாள் மாற்றினேன். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன்.

கான்சலின் காது இன்னும் சிவந்தது. "நிஜமாவா சொல்றார்?"

நான் கானிடம் திரும்பி, "கூச்சப்படுறார் கான்," என்றேன்.

கானுக்கு ஏக சந்தோஷம். அந்நியன் ஒருவன் கடைசியில் மரியாதை கற்றுக்கொண்டான் அல்லவா. "கூச்சம் எதுக்கு? என் தலை மேல ஆணை, கோட்டை உங்களுது," என்றார். மூன்றாவது தடவை இன்னும் ஒரு படி மேலே போய், கோட்டைச் சாவியையே தட்டில் வைத்துக் கொண்டுவரச் சொன்னார். கான்சல் எழுந்து நின்று, கண் கலங்கி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கானின் சிரிப்பு முகத்திலேயே நின்றது, இறங்கத் தெரியாமல். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது ஈனம். அவர் பரம்பரையில் யாரும் கேட்டதில்லை. விருந்தாளியின் குதிரைகள் வாசலைத் தாண்டிய பிறகு என் தோளைப் பிடித்தார்.

"யதுல்லா ஜான், அவன் திருப்பித் தந்துடுவான்ல?"

"தராம எங்க போவார் கான்? ரெண்டு நாள் வெச்சிருந்து அனுப்புறதுதான் அவங்க ஊர் மரியாதை."

"அப்படியா? விசித்திரமான ஜனங்க."

"ரொம்ப விசித்திரம் கான்."

அவர் நிம்மதியாகத் தூங்கப் போனார். ஒரு மனிதருக்கு இரண்டு நாள் நிம்மதி கொடுப்பது சின்ன விஷயமா?

மூன்றாம் நாள் காலை கொசாக்குகள் பாடிக்கொண்டே உள்ளே வந்தார்கள். அருமையான குரல்கள். எட்டாம் நாள் கர்னல் ரிஃபத்தின் பீரங்கிகள் மேற்குக் குன்றின் மேல் ஏறின. கோட்டைச் சுவர் தடிமன், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் கீழே இருந்த கடைத்தெருவும் நெசவாளர் தெருவும்தான் போயின. இருநூற்றுப் பதினான்கு பேர். கபாப் கொண்டுபோன சமையல்காரனும் அதில் சேர்த்தி. இரண்டு நாள் கழித்து கொசாக்குகள் வடக்கு வாசல் வழியாகப் போய்விட்டார்கள், பாடாமல்.

அதன் பிறகு கர்னல் ஊருக்குள் வந்து ராணுவ நீதிமன்றம் கூட்டினார். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே. நான் இருந்தேன்.

"கோட்டையை ருஷ்யர்களுக்கு நீ கொடுத்தாயா?" என்று கர்னல் கேட்டார்.

கான் நன்றாகவே பதில் சொன்னார். "ஆமா, கொடுக்கறேன்னு சொன்னேன். எங்க வழக்கம் அது. போன வசந்தத்துல நீங்க வந்தப்போ உங்களுக்கும் இதே கோட்டையைக் கொடுத்தேனே, மூணு தடவை. வாங்குறவன் வாங்க மாட்டான்னு நம்பித்தானே கொடுக்கறோம். யதுல்லாவைக் கேளுங்க, அவனுக்குத் தெரியும்."

கர்னல் என்னைப் பார்த்தார். அவருக்கு அவசரம், மதிய வெயில் வேறு. நான் பழைய வழக்கத்துக்குத் திரும்பினேன். கானின் உபசார வார்த்தைகளைக் காற்றில் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் சொன்னேன்.

"ஆமாம் என்கிறார்."

கான் என் இரண்டு வார்த்தையைக் கேட்டார். இவ்வளவு நீளப் பேச்சு துருக்கியில் இவ்வளவு குட்டையா என்று ஆச்சரியம் அவர் முகத்தில். பிறகு ஏதோ புரிந்ததுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அவரைக் குதிரை லாயச் சுவர் அருகே நிறுத்தினார்கள். சுடுவதற்கு முன் வீரர்களிடம், "உங்களுக்குச் சிரமம் கொடுக்கறேன்," என்றார். அதை மொழிபெயர்க்க யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். கோட்டையைக் கொடுக்க வைத்ததும் நான், திருப்பிக் கேட்க விடாமல் செய்ததும் நான், கானைச் சுவருக்கு அனுப்பியதும் நான். இரண்டு பேரரசுகளில் எதனிடமிருந்தும் ஒரு காசு வாங்கியதில்லை. நல்ல வேளையாக என் வீடு கிழக்குத் தெருவில், ஒரு ஓடுகூட நகரவில்லை.

கான்மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். கோபம் என்பது ஒரு பக்கம் சாய்கிறவனுக்கு வருவது ஐயா. ஜர்தாபில் கடைசிவரை நடுநிலை தவறாமல் நின்றவன் நான் ஒருவன்தான்.