பத்துக்கு எவ்வளவு

எங்கள் வீட்டில் மாத்தே இலைத் தேநீரைக் கசப்பாகத்தான் குடிப்போம். சர்க்கரை போட்டுக் குடிப்பவர்களை சுல்மா அக்கா மனிதராகவே மதிக்கமாட்டாள். ஊற்றிக் கொடுப்பதும் முன்பெல்லாம் அவள்தான். ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். அவள் குடித்துவிட்டு எனக்கு நிரப்பித் தருவாள், நான் குடித்துவிட்டுத் திருப்பித் தருவேன். போதுமென்றால் நன்றி சொல்ல வேண்டும். சொன்னவருக்கு அப்புறம் கிடையாது. மொந்தெவிதேயோவில் குழந்தைக்கும் தெரிந்ததை உங்களிடம் சொல்வானேன் என்றால், எல்லாம் அதில்தான் தொடங்கியது, டாக்டர் சில்வானா.

அக்காவுக்கு லேசான மறதிதான் என்று நீங்களே சொன்னீர்கள். பெயர்கள் நழுவும், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவாள். மறதிக்காரர்களுக்காக நீங்கள் நடத்தும் குழுவுக்கு வரத் தொடங்கியபின் அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. தனியாகச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு என்று கேட்டீர்களாம், எட்டு என்றாளாம். வீடு திரும்பும் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி மாபெல், எட்டு வாங்கினவ எதுக்குடி உன் வாலைப் பிடிச்சிக்கிட்டுத் திரியணும்? நம்ம பிரியாபோலிஸ் வீட்டுக்குப் போயிடறேன். கடலைப் பாத்துக்கிட்டுக் கிடப்பேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கணவர் போனபின் அந்த வீட்டில் பேச்சுக்குரல் என்று இருந்தது அவளுடையது மட்டும்தான். பயமாக இருந்தது.

மறுநாள் மாலை இரண்டு சுற்று குடித்துவிட்டு நன்றி சொன்னேன். அவள் எனக்கு ஊற்றுவதை நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டினேன்.

"என்னக்கா, எனக்குத் தராம நீயே குடிச்சிக்கிட்டிருக்க?"

"நீதானடி நன்றி சொன்ன?"

"நானா? எப்போ?"

அவள் அவசரமாகக் குடுவையை நிரப்பி என்னிடம் நீட்டினாள். அவ்வளவுதான் செய்தேன். அடிக்கவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை.

பிறகு அவ்வப்போது. அவள் சாவியை எடுத்து ரொட்டி டப்பாவில் வைத்தேன். ஒரு காலையில் கேஸைத் திறந்துவிட்டேன், ஜன்னலையும் திறந்துவைத்தேன். நான் கவனமில்லாதவள் அல்ல. "ரெண்டு பேரும் செத்திருப்போம்க்கா" என்று மெதுவாகத்தான் சொன்னேன். அன்றைக்கு அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

போன வாரம் என்னைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள்.

"ஞாபகம் போன வருஷம் இருந்த மாதிரியேதான் இருக்கு, மாபெல். ஆனா நம்பிக்கை எட்டுலேருந்து ஒண்ணுக்கு வந்திருச்சு. வீட்டுல என்ன நடந்தது?"

வயசாகிறதல்லவா என்றேன். இப்போது அவளை இங்கேயே சில நாள் வைத்துப் பார்க்கப் போவதாகச் சொல்கிறீர்கள். அதனால்தான் உள்ளதைச் சொல்கிறேன். அவள் மூளைக்கு ஒன்றுமில்லை. செய்தது எல்லாம் நான். அவளை என்னோடு அனுப்பிவிடுங்கள்.

இப்போதெல்லாம் ஊற்றுவது நான்தான். பிரியாபோலிஸ் பேச்சே கிடையாது. மாலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தயங்கித் தயங்கி, "நான் குடிச்சாச்சாடி?" என்று கேட்பாள். சில நாள் ஒரு வாய்கூடக் குடித்திருக்கமாட்டாள். "குடிச்சிட்டு நன்றி சொல்லிட்டியேக்கா" என்பேன். தலையாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

நீங்களே சொல்லுங்கள், டாக்டர். தான் குடித்தோமா இல்லையா என்றுகூடத் தெரியாதவளை எந்தத் தங்கையாவது தனியாக விடுவாளா?