இருமாத குரல்

— மூச்சு விடாம இன்னொரு தடவை சொல்லு.

— அட விடுக்கா. காலையிலேருந்து இந்த மாடி ரூம்ல உக்காந்து பஸ் பேரா கூவிட்டு இருக்கேன். நீ வேற போன் போட்டு பரீட்சை வைக்கிறே.

— வார்டுல தினம் கேக்குற மூச்சுடா இது. எனக்குத் தெரியும். சொல்லு.

— பயணிகளின் கனிவான... கவனத்திற்கு... ஆறாவது நடைமேடையில்...

— போதும். முன்னெல்லாம் அந்த வரியை ஒரே மூச்சுல சொல்லிட்டு என்னைப் பாத்துக் கண்ணடிப்பே.

— மூச்சை விடு, குரலைக் கேளு. கட்டைக்குரல் ஆயிடுச்சாம். டிக்கெட் கவுண்டர்ல ஒரே புகழ்ச்சி.

— போன வாரம் ரெண்டு வார்த்தை பேச விடாம இருமினியே, அது எங்க போச்சு?

— மைக்ல இருமினா மேனேஜர் கத்துவார்க்கா. மருந்துக்கடைல ஒரு சிரப் குடுத்தான். மூடியில ஊத்தி எவன் குடிப்பான்? பாட்டிலோட கவுத்தேன். இருமல்... கப்சிப்.

— அடப்பாவி! நெஞ்சுச் சளியை வெளிய தள்ளத்தானேடா இருமல் வருது. அதுக்கும் பூட்டு போட்டுட்டியா?

— நல்லா தூங்கினேன்ல. குளிர்தான்... விடமாட்டேங்குது.

— நெஞ்சுல ஒரு பக்கம் குத்துதா?

— சிரிச்சா குத்துது. அதனால நீ... ஜோக் அடிக்காதே.

— அடிக்கிற நிலைமையிலயா இருக்கேன்? இது நிமோனியா. சர்க்கரை வேற உனக்கு. தடுப்பூசி போட்டுக்கோடான்னு போன வருஷம் காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேனே!

— ஊசி போட்டா ரெண்டு நாள்... தொண்டை கட்டும்னு யாரோ சொன்னாங்க. தொண்டையை வெச்சுத்தானேக்கா... எனக்குச் சோறு.

— நகத்தைப் பாரு. என்ன நிறம்?

— நீலமா... பேனா மை பட்டிருக்கும்.

— துடை.

— சட்டையில... தேய்ச்சேன்.

— போச்சா?

— போகலக்கா.

— சரி. சரி. ஒண்ணுமில்ல. போனை மேஜையில வெச்சுட்டு நிமிர்ந்து உக்காரு. படுக்காதே.

— மேஜையிலதான் இருக்கு. ஸ்பீக்கர்ல... போட்டுட்டேன். கையில பிடிக்க முடியல.

— இங்க கூட வேலை பாக்குற பொண்ணு உங்க ஊர் ஆம்புலன்ஸுக்குப் பேசிட்டா. வண்டி நெரிசல்ல மாட்டிக்கிச்சாம். நீ மெல்ல கீழ இறங்கி ஏதாவது ஒரு வண்டியில ஏறிடு.

— எழுந்து பாத்தேன். கால்... நிக்கல.

— இண்டர்காம்ல கவுண்டருக்கு அடிச்சுப் பாரு!

— அடிக்கிறேன்... எடுக்கல... கூட்டம்.

— ஐயோ, உனக்கு இப்பவே ஆக்சிஜன் வைக்கணும்டா. நரம்புல மருந்து ஏத்தணும். ரெண்டும் இங்க என் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. முகம் தெரியாதவங்களுக்கெல்லாம் நான்தான் மாஸ்க் மாட்டறேன். கூடப்பிறந்தவனுக்கு ஒரு தலையணை எடுத்து முதுகுக்கு வைக்க முடியலையே.

— அழாதேக்கா.

— அழல. நீ பேசாதே, மூச்சை வீணாக்காதே. இல்ல, வேண்டாம், பேசு. பேசிட்டே இரு. நீ பேசாம இருந்தா எனக்குக் கை கால் ஓடாது.

— என்ன... பேச?

— டேய்! உன் எதிர்ல மைக் இருக்கே! பஸ் ஸ்டாண்டுல அத்தனை பேர் இருக்காங்க. மைக்கைப் போட்டு 'மேல வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஒருத்தராவது ஓடி வருவாங்க. கேக்குதா? மைக்கைப் போடுடா!

— போட்டுத்தான்... இருக்கு.

— என்னது?

— சிவப்பு விளக்கு... எரியுது. உன் போன் வர்றதுக்கு முன்னாடி... ஒரு பஸ்ஸை அறிவிச்சேன். அணைக்க மறந்துட்டேன். நீ சொன்னது... நான் சொன்னது... எல்லாத்தையும் கேட்டுட்டு, ஜன்னல் வழியா பாக்குறேன், கீழ அத்தனை பேரும்... ஒலிபெருக்கியை அண்ணாந்து பாத்துட்டு நிக்கிறாங்கக்கா.